சிபில் கார்த்திகேசு ‘நம்ம ஆளா?’ – பப்பான் 74ஆம் எண் வீடும் நம் கட்டுரைகளும்

போன தவணையில் படிவம் 4 மாணவர்களுக்கு ‘நான் போற்றும் வீரர்’ என்று ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். 11 பேர் சிபில் கார்த்திகேசுவைப் பற்றி எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியோடுதான் திருத்த உட்கார்ந்தேன். ‘ஈப்போ மண்ணில் பிறந்த தமிழச்சி’ என்றது ஒரு தாள். ‘வெள்ளையனை எதிர்த்த வீரத்தாய்’ என்றது இன்னொன்று. ‘தமிழ்க் குலம் தந்த தியாகச் சுடர்’ என்று மூன்றாவது தாள். மூன்றுமே தவறு. மொழி நடைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, கருத்துக்கு என்ன போடுவது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த மூன்றாவது வரி, சில ஆண்டுகளுக்கு முன் நானே தட்டச்சு செய்து கொடுத்த மாதிரிக் கட்டுரையில் உள்ளது. பிள்ளைகள் அண்ணன் அக்காமாரிடமிருந்து கோப்பை வாங்கி அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஆக, இந்தத் திறனாய்வை என் கட்டுரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிராயச்சித்தம் மாதிரிதான் ஒரு சனிக்கிழமை ஒன்பது மாணவர்களைப் பப்பானுக்குக் கூட்டிப் போனேன். ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குப் போகும் பக்கத்தில், பூசிங்கை ஒட்டி இருக்கிறது இந்தச் சிற்றூர். ‘பப்பான்’ என்றால் மலாயில் பலகை. ஈயம் எடுத்த காலத்தில் செழித்து, ஈயம் போனதும் ஆள் நடமாட்டம் குறைந்துபோன ஊர். ஒரே ஒரு பெரிய வீதி, இருபுறமும் பழைய கடைவீடுகள். சில வீடுகளின் உள்ளேயே மரம் முளைத்து நிற்கிறது. 1984இல் கதிரியக்கக் கழிவை எங்கள் ஊரில் கொட்டாதே என்று மக்கள் திரண்டு நின்றது இங்கேதான். வரலாற்றுப் பாடத்தில் இதையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அது வேறு கட்டுரை.

74ஆம் எண் வீடுதான் சிபிலும் அவர் கணவரும் ஜப்பானியர் காலத்தில் மருந்தகம் நடத்திய இடம். தனிமனித ஆர்வத்தால் நினைவில்லமாகக் காப்பாற்றப்பட்ட வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு குழி. வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்த இடம். என் மாணவி ஒருத்தி அதைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “சார், இவங்க நம்ம ஆளா?” என்று கேட்டாள்.

“நம்ம வீட்டு மருமக” என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது பதில் இல்லை, மழுப்பல். சரியான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சிபில் பிறந்தது 1899 செப்டம்பர் 3, சுமத்ராவின் மேடான் நகரில். அதனால்தான் அவர் முழுப்பெயர் சிபில் மேடான் டேலி. அப்பா ஜோசஃப் டேலி, ஐரிஷ் வழிவந்த யுரேசியர், தோட்டக்காரர். (தோட்டக்காரர் என்றால் நம் வழக்கில் துரை என்று கொள்க.) அம்மா பியாட்ரிஸ், பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், மருத்துவச்சி. மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கன்டனீஸ் சரளமாகப் பேசுவார். அவர் உடம்பில் தமிழ் இரத்தம் ஓடியதாக எந்தச் சான்றும் இல்லை. ‘தமிழ்க் குலம் தந்த’ என்று நான் எழுதியது வெறும் ஆசை.

தமிழ் வருவது கணவர் வழியாக. அவர் தைப்பிங்கில் பிறந்த ஆறுமுகம், தகப்பனார் கணபதிப்பிள்ளை, தாயார் தங்கம். இந்துக் குடும்பம். பெண் வீடோ கத்தோலிக்கம். எதிர்ப்பு இருந்தது, பிறகு இறங்கி வந்தார்கள். 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்ற பெயர் ஆவணங்களில் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆகிறது. ஆங்கில எழுத்தில் அந்தக் கடைசிப் பெயர் ‘கதிகாசு’ என்றுதான் ஒலிக்கும். நம் தமிழ்ப் பத்திரிகைகள் அதைக் கார்த்திகேசு என்று எழுதி அதன் பழைய ஒலியைத் திருப்பிக் கொடுத்தன. நல்ல காரியம்தான். ஆனால் அப்படித் திருப்பிக் கொடுத்த கையோடு சிபிலின் ‘டேலி’யைக் கைவிட்டுவிட்டோம். ஒருவருடைய வம்சத்தை மீட்கும்போது இன்னொருவருடைய வம்சத்தை அழிப்பது என்ன நியாயம்?

இந்தக் குடும்ப மரத்தில் இன்னும் ஒரு கிளை இருக்கிறது, அதை எந்த மாணவர் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. தம்பதியரின் முதல் குழந்தை மைக்கேல், 1919இல் பிறந்து ஒரு நாள்கூட உயிரோடு இல்லை. அந்தத் துயரத்தில் இருந்தபோது, சிபிலின் அம்மா தாம் பிரசவம் பார்த்த வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளச் சொன்னார். வில்லியம் பிள்ளை என்பது அவர் பெயர். பிறகு 1921இல் ஓல்கா, 1936இல் டாவ்ன். ஜப்பானியர் 1943இல் கைது செய்தது சிபிலை மட்டும் இல்லை, கணவரையும் வில்லியமையும்தான். பெற்ற பிள்ளை, வளர்த்த பிள்ளை என்ற கணக்குப் பார்க்காமல் வில்லியமும் சிறைக்குப் போனார். நம் கட்டுரைகளில் அவர் இல்லை. ‘தாய், மகள், ராணுவ அதிகாரி’ என்ற மூன்றே பாத்திரங்களோடு ஒரு நாடகக் காட்சி மட்டும் இருக்கிறது.

அந்தக் காட்சி எல்லாருக்கும் தெரியும். சிறுமி டாவ்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டுகிறார்கள். தாய் காட்டிக்கொடுக்கவில்லை. சிபிலின் நினைவுக் குறிப்பான ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’யில் இது வருகிறது. எந்தத் தமிழ்ப் பட்டிமன்றத்திலும் கைத்தட்டல் வாங்கித் தரும் காட்சி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 11 கட்டுரைகளில் ஒன்பது இந்தக் காட்சியோடு தொடங்கி இந்தக் காட்சியோடு முடிகின்றன. அவர் ஏன் பிடிபட்டார், யாருக்கு வைத்தியம் பார்த்தார், அந்த ஆட்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பது எதிலும் இல்லை.

நூலை ஒரு தடவை நிதானமாகப் படித்தால் வேறொரு சிபில் தெரிகிறார். 1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டு விழுந்தபோது காலில் காயம்பட்டவர். வானொலிப் பெட்டிக்கு ‘ஜோசஃபின்’ என்று செல்லப் பெயர் வைத்து, பிபிசி கேட்பதை வீட்டுக்குள் ஒரு விளையாட்டுப் போல நடத்தியவர். பிடிவாதக்காரர், பக்தி மிகுந்தவர், தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உள்ளவர். வீட்டையும் ஊரையும் காட்டும் இடங்களில் எழுத்து நன்றாக இருக்கிறது. சித்திரவதைப் பகுதிகளைக்கூட அலட்டிக்கொள்ளாமல்தான் சொல்கிறார்.

ஆனால் இதை வரலாறாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது. ஒன்று, விடுதலைக்குப் பிறகு சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்ட காலத்தில், நோயோடு இருந்துகொண்டு எழுதியது. இரண்டு, எழுதியது ஆங்கிலத்தில், மனதில் வைத்திருந்த வாசகர் பிரிட்டிஷ்காரர். நூல் வெளிவந்தது 1954இல், ஆசிரியர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து. 1983இல் மறுபதிப்பு வந்தது. மூன்று, அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. ‘வெள்ளையனை எதிர்த்த’ என்று எழுதிய மாணவனுக்கு இதைச் சொன்னபோது, “அப்ப யாரைத்தான் சார் எதிர்த்தாங்க?” என்று கேட்டான். கேள்வியில் குறும்பு இல்லை. நாம் சொல்லிக்கொடுத்த சட்டகத்தில் வீரர் என்றால் வெள்ளையனை எதிர்த்தவர். வேறு சட்டகம் அவனிடம் இல்லை.

அவர் எதிர்த்தது ஜப்பானிய ஆட்சியை. உதவியது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு. அதில் பெரும்பாலோர் சீனர், தலைமை கம்யூனிஸ்ட் கட்சியுடையது. ரகசியமாக வந்து குண்டுக் காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு போனவர்கள் அவர்கள். சொந்தப் பெயரில் இயங்க முடியாதவர்கள், மாற்றுப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். சிபில் இறந்தது 1948 ஜூன் 12. நான்கே நாளில், ஜூன் 16, இதே பேராக்கில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அன்றோடு சிபில் யாருக்கு மருந்து போட்டாரோ அவர்கள் பயங்கரவாதிகள் ஆனார்கள். 1943இல் அண்ணனுக்கு ரகசியமாகச் சோறு கொடுத்த தங்கை, 1949இல் அண்ணன் பெயரையே வாயில் எடுக்கமாட்டாள். வீட்டுச் சுவரிலிருந்து படம் இறங்கும், கடிதம் அடுப்புக்குப் போகும். பப்பான் போன்ற ஊர்களின் குடும்ப வரலாறு காணாமல் போனதற்குக் கரையான் மட்டும் காரணம் இல்லை. பயந்துகொண்டு மறந்தார்கள்.

ஆகவே 74ஆம் எண் வீட்டைப் பற்றிய என் மதிப்பீடு இது. நடந்த இடத்திலேயே நின்று பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. படிக்கட்டுக் குழியை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்குப் பத்துப் பக்கம் பாடம் தேவையில்லை. ஆனால் ஒரே ஒருவரைச் சுற்றி அமையும் எந்த நினைவில்லமும், அதை அறியாமலேயே, சுற்றியிருந்த ஊரை மங்கலாக்கிவிடும். இது பப்பானுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 73இல் யார் இருந்தார்கள், 75இல் யார் இருந்தார்கள், மருந்துக்கு வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள் எந்தத் தோட்டம் – இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியது வீட்டைப் பராமரிப்பவர் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நாம்தான். நான் முதல் முறை போனபோது கேட்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பப்பானிலேயே இன்னொரு வீடு இருக்கிறது. ராஜா பிலாவின் பெரிய வீடு, 1896இல் கட்டியது. பக்கத்தில் 1888ஆம் ஆண்டுப் பள்ளிவாசல். சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களின் தலைவர் ராஜா பிலா, பப்பானின் பெங்ஹூலு. அவருடைய மகன் தம் முன்னோர் வரலாற்றைத் தாமே எழுதி வைத்துவிட்டுப் போனார். குடும்பக் கடிதங்களும் தங்கின. அதனால்தான் 2003இல் அப்துர் ரசாக் லுபிசும் கூ சல்மாவும் பேராக் மண்டைலிங் மக்களைப் பற்றி ஒரு கனமான நூலே எழுத முடிந்தது. சீனர்களுக்கோ கல்லறையே ஏடு. இறந்தவரின் சீனத்துப் பூர்வீக மாவட்டத்தைக் கல்லில் செதுக்கிவிடுகிறார்கள். நூறு வருடம் கழித்துப் பேரன் வந்து தடவிப் பார்த்தாலும் ஊர் பெயர் இருக்கும்.

நமக்கு? எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிறோம். தோட்டத்து மயானத்தில் புதைத்தவர்களுக்கும் பெரும்பாலும் மண்மேடுதான். தோட்டம் கைமாறினால் அதுவும் போச்சு.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகையை எல்லாருக்கும் தெரியும். சுற்றுலாப் பேருந்து நிற்கும் இடம். பக்கத்து மாரியம்மன் கோவில் கூரையில் சாமிச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு துரை நிற்கிறார், கெல்லி ஸ்மித்தாம். மாளிகை கட்டுமானத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் ஸ்பானியக் காய்ச்சலில் மாண்டார்கள். துரையின் உருவம் கோபுரத்தில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடிய மாணவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. மாணவரை ஏன் சொல்வானேன், என்னாலும் சொல்ல முடியாது.

நம் வம்சாவளி அறுந்துபோவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘ஆனாக் லெலாகி’, ‘ஆனாக் பெரெம்புவான்’ என்று அப்பா பெயர் மட்டும் ஒட்டும். அடுத்த தலைமுறையில் தாத்தா பெயர் உதிர்ந்துவிடும். மூன்று தலைமுறை தாண்டினால் ஒரே குடும்பம் என்பதற்குப் பெயரில் எந்தத் தடயமும் இருக்காது. இன்னொன்று எழுத்துக்கூட்டல். கிராணிக்குக் காதில் விழுந்தபடிதான் பதிவு. ஒரே அப்பாவின் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு விதமாக அப்பா பெயர் விழுந்த வீடுகள் எத்தனையோ. பெண்கள் கதை இன்னும் மோசம். ஒரே லயத்தில் மூன்று மாரியாயி, நான்கு முனியம்மா. அதனால் ‘நெட்டை மாரியாயி’, ‘ஆயக்கொட்டகை மாரியாயி’ என்று கூப்பிட்டார்கள். அந்த அடைமொழிதான் உண்மையான அடையாளம். அது எந்தச் சூராட்டிலும் ஏறவில்லை.

செக்ரோல் புத்தகங்கள் நமக்கு ஒரு புதையலாக இருந்திருக்கும். யார் எந்த மாதம் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார் என்பதுவரை அதில் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அவற்றில் எத்தனை தூக்கி எறியப்பட்டிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது, கங்காணி முறை தொடர்ந்தது, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது என்று பாடத்தில் சொல்கிறோம். அந்த ஆண்டுகளுக்குள் மாணவனின் கொள்ளுத்தாத்தா எங்கே நிற்கிறார் என்று கேட்பதில்லை.

பப்பானிலிருந்து வந்த பிறகு அந்த ஒன்பது பேருக்கும் கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. அவரவர் வீட்டு மரத்தை வரையச் சொன்னேன். முதல் வாரம் படுதோல்வி. “தாத்தா எந்த வருஷம் வந்தாங்க?” என்று கேட்டால் வயசாளிகள் “தெரியலையே கண்ணு” என்று முடித்துவிடுகிறார்கள். கேள்வியை மாற்றினோம். “ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” “நீங்க பொறந்தப்ப எந்தத் துரை?” “கப்பல்ல வந்த கதை யாராச்சும் சொல்லியிருக்காங்களா?” இதற்கெல்லாம் பதில் வந்தது. ஒரு பாட்டிக்கு ரஜூலா கப்பலின் நாற்றம்வரை நினைவிருந்தது. கூடவே ஒரு பையன் குலதெய்வம் எது என்று கேட்டு வந்தான். அது நல்ல சாவி. குலதெய்வக் கோவில் எங்கே என்று தெரிந்தால் பூர்வீக ஊர் பாதி கிடைத்த மாதிரி.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குலதெய்வம் கேட்டால் அதன் பின்னாலேயே சாதி வந்து நிற்கும். பையன்கள் வெகுளியாக வகுப்பில் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினார்கள், ஒருத்தியின் முகம் வாடியதைக் கவனித்தேன். மறுநாளே மரங்களைச் சுவரில் ஒட்டும் திட்டத்தைக் கைவிட்டேன். அவரவர் ஏடு அவரவருக்கு. வகுப்பில் பொதுவாகப் பேசுவது தோட்டத்தின் பெயர், செய்த வேலை, இடம் மாறிய கதை, இவ்வளவுதான். குடும்ப வரலாறு என்றாலே புனிதமானது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தத்தெடுத்த பிள்ளை, ஓடிப்போன அத்தை, மதம் மாறிய சித்தப்பா எல்லாரும் அந்த மரத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளை கேட்டு வந்ததை எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. சிபிலைப் பற்றி எழுதும்போது ‘மேடானில் பிறந்த யுரேசியப் பெண்மணி, தைப்பிங்கில் பிறந்த தமிழ் மருத்துவரை மணந்தவர், ஜப்பானியர் காலத்தில் பப்பானில் காயம்பட்ட போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்’ என்று எழுதுங்கள். அடைமொழி குறைந்தாலும் மதிப்பெண் குறையாது. பதக்கத்தைக் கொடுத்தது யார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அவர் ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்டு, 1949இல் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் மீண்டும் அடக்கமானது. ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்த வட்டாரத்து மாணவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் கட்டுரையே வேறு மாதிரி இருக்கும்.

என் பழைய மாதிரிக் கட்டுரையை எல்லாக் கோப்பிலிருந்தும் எடுத்துவிட்டேன். யாரிடமாவது அச்சுப் பிரதி இருந்தால் அந்த ‘தமிழ்க் குலம் தந்த’ வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

படிக்கட்டுக் குழியைப் பார்த்துக் கேள்வி கேட்ட அதே மாணவி மூன்றாவது வாரம் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அப்பாவின் சூராட், பெரியப்பாவின் சூராட், தாத்தாவின் பழைய சிவப்பு ஐ.சி., மூன்றின் நகல். தாத்தா பெயர் ஒன்றில் சினபன், ஒன்றில் சின்னபென், இன்னொன்றில் சின்னப்பன். “எதை சார் எழுதட்டும்?” என்றாள். மூன்றையும் எழுதி, எது எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் பதிந்தது என்று பக்கத்தில் குறிக்கச் சொன்னேன். இடம் போதவில்லை என்று இன்னொரு தாளை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.